வீட்டில் இல்லாத ஆண்கள்

2021 ஏப்ரலில் நடிகர் விவேக், அதே ஆண்டு அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார், 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து: மூவரையும் மாரடைப்பு கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நாடே பயந்தது. ரத்தப் பரிசோதனை நிலையங்கள் தள்ளுபடி விளம்பரம் போட்டன. பிறகு எல்லாம் பழையபடி. மூவருமே அறுபதைத் தொடாதவர்கள்.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதாகச் சொன்னது. மற்ற நாட்டவர்க்கு 59. பெண்களை மாதவிடாய் நிற்கும்வரை ஹார்மோன்கள் ஓரளவு காக்கின்றன. ஆணுக்கு அந்தக் கவசமும் இல்லை. பீடியும் சிகரெட்டும் வேறு.

2020-இல் தமிழக அரசு எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்துப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களோ அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான். ரத்தக் கொதிப்பு வலிக்காது. சர்க்கரை முற்றினால் நெஞ்சுவலியே தெரியாமல் மாரடைப்பு வரலாம். 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று உடம்பை வைத்துச் சொல்ல முடியாது; அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அளப்பதற்கு ஏற்பாடு இல்லாமலும் இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் தன்னார்வலர் கதவைத் தட்டும் பகல் வேளையில் அம்மாவும் பாட்டியும் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுபவரும் கொத்தனாரும் சுமை தூக்குபவரும் இருப்பதில்லை. 2024-இல் வந்த 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தொழிற்சாலை வாசல்வரை போகிறது. வாசலே இல்லாத வேலைக்காரர்களை யார் தேடுவது?

மாரடைப்பு வந்தவருக்கு உடனே கொடுக்க 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்திருக்கிறது 'இதயம் காப்போம்' திட்டம். அங்கே போனால்தானே அவை வாய்க்குள் போகும்? நம் ஆள் கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்கிறார். அந்த நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாளாவது இரவு எட்டு மணிவரை பரிசோதனை நடக்க வேண்டும். ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரைமானியும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் மீன் சந்தைக்கும், டாஸ்மாக் கடை இருக்கும் தெருவுக்கும்கூடப் போகட்டும். கூச்சம் பார்க்க நேரமில்லை.

முப்பதைத் தாண்டிய ஆண்கள் அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை, இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள்.