பீலித் தண்ணீருக்கும் மரபணுச் சோதனை வேண்டும்!

மருந்து உண்டு, மருத்துவரும் உண்டு, ஆயினும் நோய் தணியவில்லை. இந்த நிலை இன்று உலகெங்கும் பரவி வருகிறது. மருந்துக்கு அடங்காத பக்டீரியாக் கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் நேரடியாக மாண்டவர் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது 2022இல் வெளியான உலக மதிப்பீடு. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதிய அளவின்றி மருந்து கொடுத்தால் கிருமி அதனைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பலித்துவிட்டது.

இது கொழும்பிலும் இலண்டனிலுமுள்ள பெரிய வைத்தியசாலைகளின் கவலை, மலைநாட்டுக்கு இதில் என்ன என்று கேட்போர் உளர். அவர்கள் ஸ்பிரிங்வெளிக்கு வரட்டும். நமுனுகுல மலைச்சாரலில் ஏறி, ஊவாத் தோட்டங்கள் பலவற்றையும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். லயமும் மாட்டுப்பட்டியும் மரக்கறிப் பாத்தியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதைக் காண்பார்கள். பீலியில் வரும் நீரையே மக்கள் குடிக்கின்றனர்; அந்நீர் வரும் ஓடையின் மேற்புறத்தில் மாடு மேய்கிறது; மாரியில் மலசலகூடக் குழி நிரம்பி வழிகிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தாய்க்கு ஒருநாட் கூலி போய்விடும். ஆகவே கடையில் இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் மலைக்கு ஏறுகிறாள். மடிவீக்கம் கண்ட பசுவுக்கும் அதே இனத்து மருந்துதான் ஊசியாக ஏற்றப்படுகிறது. மலைநாட்டு மரக்கறிச் செய்கைக்குக் கோழியெரு லொறி லொறியாக வருகிறது. கோழிக்குக் கொடுத்த மருந்தின் எச்சமும், அம்மருந்தைத் தாங்கிய கிருமியும் எருவோடு மண்ணில் இறங்கக்கூடும். மழை பெய்தால் எல்லாம் ஓடையில் சேர்ந்து பதுளு ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகின்றன. மகாவலி நீரை நம்பியிருக்கும் வயல்கள் எத்தனை என்பதைக் கமக்காரருக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இவற்றுள் எந்த வழியாக அடங்காக் கிருமி பரவுகிறது? ஊகத்தால் விடை சொல்ல வேண்டிய காலம் போய்விட்டது. கிருமியின் மரபணுத்தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசிக்கும் முறை இப்பொழுது கைக்கு வந்துள்ளது.

காணி வழக்கில் நாம் என்ன செய்கிறோம்? கையிலுள்ள உறுதியை மட்டும் பார்த்து நின்றுவிடுவதில்லை. அதற்கு முந்தியது எது, அதற்கும் முந்தியது எது என்று காணிப் பதிவகத்தில் தேடி மூல உறுதியைக் காண்கிறோம். பழைய ஆய்வுகூடச் சோதனை, இன்ன மருந்துக்கு இக்கிருமி அடங்காது என்று மாத்திரம் சொல்லும். மரபணுச் சோதனையோ அதன் வமிசாவழியையே சொல்லும். குடலில் வாழும் ஈ. கோலை என்னும் கிருமியில் ஏறத்தாழ 50 இலட்சம் மரபணு எழுத்துகள் உண்டு. நோயாளியிடமும் மாட்டிடமும் பீலியிலும் எடுத்த கிருமிகளை ஒப்பிடும்போது எழுத்து வேறுபாடு மிகச் சிலவாயின் அவை நெருங்கிய உறவு. ஆயிரக்கணக்காயின் வேற்றுக் குடி. இன்னுமொன்று: மருந்தைத் தாங்கும் வல்லமையைத் தரும் மரபணு பல வேளைகளில் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருக்கும். ஒரு கிருமி அதனை வேறோர் இனத்துக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். அந்தக் கைமாற்றத்தையும் இச்சோதனை காட்டிக்கொடுக்கும்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலுள்ள ஹைதராபாத்தில் 2016இல் ஒரு நெருப்புக்காய்ச்சல் தொடங்கியது. வழக்கமான மருந்துகள் ஐந்து வகையும் தோற்றன. மரபணுவை வாசித்தபோது, நெருப்புக்காய்ச்சற் கிருமி ஈ. கோலை போன்ற குடற் கிருமிகளில் உலவும் பிளாஸ்மிட் ஒன்றைப் பெற்றுக்கொண்டமை 2018இல் வெளியாயிற்று. 2019இல் பாகிஸ்தான் புதிய நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியைத் தன் வழமையான தடுப்பூசித் திட்டத்தில் உலகிலேயே முதன்முதலாகச் சேர்த்தது. மலமும் குடிநீரும் கலக்கும் இடத்தில் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்தியாவிலிருந்து பெறவேண்டிய பாடம் வேறு. வலிமைமிக்க மருந்துகளையும் செயலறச் செய்யும் மரபணு ஒன்று, புதுடில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய நோயாளியிடம் 2008இல் காணப்பட்டு, அந்நகரின் பெயரையே பெற்றது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, சென்னையிலும் அரியானாவிலும் அது இருப்பதைக் காட்டிற்று. 2011இல் டில்லியின் 50 குழாய்நீர் மாதிரிகளில் 2இலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும் அது காணப்பட்டது. ஆயினும் நாடு கொதித்தது பெயரைக் குறித்தே! பெயரைப் பற்றிய வழக்கு பெரிதாயிற்று. குழாயைப் பற்றிய வழக்கு சிறிதாயிற்று.

கமக்காரர் இச்சோதனைக்கு அஞ்சவேண்டியதில்லை. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பண்ணை விலங்குகளின் ஈ. கோலையையும் நோயாளிகளின் ஈ. கோலையையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு, அண்மைக் காலத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தமைக்குச் சான்று மிகக் குறைவு என்றது. டென்மார்க்கிலோ, கோழிக்கும் பன்றிக்கும் தீனியில் கலந்த அவோபார்சின் மருந்து அடங்காக் கிருமியை வளர்க்கிறது என்று கண்டு 1995இல் அதனைத் தடைசெய்தனர். அவ்வாண்டிலேயே மனிதர், விலங்கு, உணவு மூன்றையும் ஒருங்கே கண்காணிக்கும் திட்டத்தையும் தொடங்கினர். சான்று சிலரை விடுவிக்கும், சிலரைப் பிடிக்கும். உறவு தெரிவது வேறு, யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வேறு என்பதையும் மறத்தலாகாது. காலமும் இடமும் பதியப்படாத மரபணு, திகதியில்லாத உறுதிக்கு ஒப்பு.

இலங்கையில் திட்டம் இல்லாமல் இல்லை. மருந்தெதிர்ப்பை முறியடிக்கும் தேசியத் திட்டம் 2017 முதல் 2022 வரைக்கும், பின்னர் 2023 முதல் 2028 வரைக்கும் வகுக்கப்பட்டது. பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் உண்டு. கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவகம் உண்டு. கருவி இல்லை என்ற சாக்கும் செல்லாது: கொரோனாக் கிருமியின் வேற்றுருக்களை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தார் 2021இல் இந்நாட்டிலேயே வாசித்துக் காட்டினர். ஆனால் மனிதருக்குரிய மருந்து 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும், விலங்கு நோய் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும், சுற்றாடல் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் தனித்தனியே கிடக்கின்றன. கிருமி மூன்றையும் ஒரே நாளில் கடந்துவிடுகிறது. கோப்பு கடக்க ஆண்டுகள் செல்கின்றன. ஊவாத் தோட்டத்துப் பீலிகளிலிருந்து இற்றைவரை எடுத்த மாதிரிகள் எத்தனை? அரசு சொல்லட்டும்.

இங்கு ஓர் ஐயமும் எமக்கு உண்டு. 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கினர். தொழிலாளரின் மலத்தைச் சோதித்தனர், மருந்தும் கொடுத்தனர். போதிய மலசலகூடங்களைத் தோட்டத் துரைமார் கட்டவில்லை. மருந்துண்டவர் உடலில் புழு மீண்டும் ஏறியது. பழியோ தொழிலாளரின் பழக்கவழக்கங்கள்மீது விழுந்தது. மரபணுச் சோதனையும் அந்த வழியிற் போனால், புழுவுக்குப் பதில் எழுத்தை எண்ணியதாகவே முடியும். ஆகவே எமது கோரிக்கைகள் இவை:

முதலாவது, ஊவாவிற் சில தோட்டங்களைத் தெரிந்து, நோயாளி, மாடு, கோழியெரு, பீலி, கழிவுநீர் ஆகியவற்றின் மாதிரிகளை ஒரே காலத்தில் எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. மருந்துக்கு அடங்காதவற்றுள் தெரிந்தெடுத்து வாசித்தால் போதும்.

இரண்டாவது, முடிவு தமிழிலும் சிங்களத்திலும் ஒரே அறிக்கையாகத் தோட்டத்துக்கே திரும்பி வரவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தராவிடின் கேட்டுப் பெறுவோம்.

மூன்றாவது, மாதிரி கொடுத்தவர் சம்மதத்தோடு கொடுத்தவராக இருக்கவேண்டும். அதைக் கொண்டு எந்தத் தொழிலாளியையும் சிறு பண்ணையாளரையும் தண்டிக்கலாகாது.

நான்காவது, பீலியில் அடங்காக் கிருமி கண்டால், குறித்த தவணைக்குள் சுத்தமான குழாய்நீரும் மலசலகூடமும் தரப்படவேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு தோட்டத்துள் சபைப் பணத்தைச் செலவிட இடந்தராது தடுத்து நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. 1992 முதல் தோட்டங்களை நடத்திவரும் கம்பெனிகளுக்கும் இதில் கடமை உண்டு. இனிச் சட்டத்தைக் காட்டி எவரும் ஒதுங்க முடியாது.

தோட்டப்புறத்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் கமக்காரரும் இக்கோரிக்கைகளைத் தத்தம் பிரதேச சபைக்கும் மாகாண சுகாதாரப் பணிப்பாளருக்கும் எழுத்தில் அனுப்பவேண்டும். பதிலின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், வழக்குக்கு உதவும்.