ஐம்பதுக்குப் பின் பெண்ணுக்கு உடல் இல்லையா?

இலங்கையின் தாய்சேய் நலப் பணியை உலகம் போற்றுகிறது. போற்றத்தக்கதே. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிய காலந்தொட்டு வீடுவீடாக நடந்த மருத்துவிச்சிமாரின் உழைப்பை மறக்க எவராலும் இயலாது. 1940களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேலாக இருந்த தாய்மாரின் மரணம் இன்று 30ஐ ஒட்டி நிற்கிறது. ஆயினும், இச்சாதனையின் உள்ளே ஒரு நோக்கு ஒளிந்திருக்கிறது. அந்த நோக்கையே நாம் சாடுகிறோம். பெண்ணைப் பிள்ளை பெறுபவளாக மட்டும் காணும் நோக்கு அது. மருத்துவிச்சியின் குடும்பப் பதிவேடு 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களைக் கணக்கிலெடுக்கிறது. 50ஆவது வயதிலே அவள் அதிலிருந்து உதிர்ந்துபோகிறாள். நம் நாட்டுப் பெண்களின் சராசரி ஆயுளோ 80ஐ ஒட்டியது. எஞ்சிய 30 ஆண்டுகள் யாருடைய கணக்கில்?

பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் ஊருக்கே தெரியும்படி கொண்டாடுகிறோம். அதே பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும்போது வீட்டிலுள்ளவர்களுக்கே தெரிவதில்லை. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து விலக்கு வராதிருப்பின் அது நின்றுவிட்டது என்பது வைத்தியக் கணக்கு. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரோஜன் ஏறி இறங்கித் தளரத் தொடங்குகிறது. இந்த ஓமோன் கருப்பைக்கு மட்டும் உரியதன்று. மூளையும் எலும்பும் இரத்தக் குழாய்களும் சிறுநீர்ப்பையும் அதன் ஆதிக்கத்துக்கு உட்பட்டவை. ஆகவேதான் உடலிலே திடீரென அனல் பரவுகிறது, உறக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, மூட்டு நோகிறது, இருமினாற் சிறுநீர் கசிகிறது, காரணமின்றிக் கண்ணீர் வருகிறது. வெளியே தெரியாமல் எலும்பு மெலிகிறது; இதயநோயின் அபாயம் உயர்கிறது.

இத்தனைக்கும் ஆளான பாலமுனைத் தாயொருத்தி என்ன செய்கிறாள்? படபடப்புக்கு ஓர் இடத்திலே இதயத்துடிப்பைப் பதிந்து பார்க்கிறார்கள். மூட்டு நோவுக்கு இன்னோர் இடத்திலே வலிமாத்திரை. உறக்கமின்மைக்கு வேறொருவர் தூக்கமாத்திரை எழுதுகிறார். சிறுநீர்த் தொல்லையை அவள் யாரிடமும் சொல்வதில்லை. ஆண் வைத்தியரிடம் எப்படிச் சொல்வாள்? ஒரே உடலை நான்கு துண்டாக்கி, நான்கு வரிசையில் நிற்கவைத்து, நான்கு பொட்டலம் மருந்து கட்டி அனுப்பினால் அது வைத்தியமாகுமா? இந்நோய்களிடையே ஓர் உறவு உண்டென்று ஒருவரேனும் அவளுக்குச் சொன்னார்களா?

அவளுடைய வாழ்வையும் பார்க்கவேண்டும். கிழக்கிலே வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது. 45க்கும் 55க்கும் இடையிலேதான் நம் தாய்மார் பலர் குமர்களைக் கரைசேர்க்கின்றனர். தான் ஆண்ட வீட்டை மகளுக்கு விட்டு, பின்புறத்துச் சிறு குடிலுக்கோ அரைகுறையாகக் கட்டிய அறைக்கோ ஒதுங்குகின்றனர். சீதன வீட்டுக்காக மேற்காசிய நாடுகளிலே பணிப்பெண்களாகி உடலைத் தேய்த்துவிட்டுத் திரும்பியவர்களும் இவர்களிடையே உண்டு. உடல் தளரும் அதே வேளையில் வீடும் அதிகாரமும் கைமாறுகின்றன. அப்பொழுது அவள் சினந்தால், “உம்மாவுக்கு இப்ப குணம் மாறிட்டு” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வயதின் கோலம் என்னும் இச்சொல்லைப்போல் நம் சமூகத்தின் கடமையை எளிதாகத் தீர்த்துவைக்கும் சொல் வேறில்லை.

இன்னுமொன்று. விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் இரத்தம் பட்டால், அதைக்கொண்டு தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா என்று மௌலவியிடம் ஆளனுப்பிக் கேட்கும் வழக்கம் உண்டு. நியாயமான கேள்வி, அதற்கு விடையும் கிடைக்கிறது. ஆனால் இரத்தம் ஏன் பட்டது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது. அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். தாமதியாமல் வைத்தியரிடம் காட்டவேண்டியது. விலக்கு நின்ற பெண்களைப் பற்றித் திருக்குர்ஆன் தலாக் அத்தியாயத்திலே இத்தாவின் சட்டத்தைக் கூறுகையில் கூச்சமின்றிப் பேசுகிறது. மறை கூசாத இடத்தில் நாம் ஏன் கூசவேண்டும்? மார்க்கத் தீர்ப்போடு “வைத்தியரிடமும் காட்டுங்கள்” என்ற ஒரு வாக்கியத்தை மௌலவிமார் சேர்த்துச் சொல்வாராயின் உயிர்கள் சில தப்பும்.

வைத்திய உலகமும் இவ்விடயத்தில் அலைக்கழிந்தே வந்துள்ளது. ஒரு காலத்தில் ஓமோன் மாத்திரையை இளமை காக்கும் அமுதமென விற்றார்கள். 2002இல் அமெரிக்காவின் பேராய்வொன்றின் ஒரு பகுதி, மார்புப் புற்றுநோய் முதலிய அபாயங்களைக் காட்டி நிறுத்தப்பட்டதும், அதையே நஞ்சென அஞ்சினார்கள். அவ்வாய்விற் பங்குபற்றியோரின் சராசரி வயது 63 என்பதை எத்தனை பேர் கவனித்தனர்? 60 வயதுக்கு உட்பட்ட, கடுந்தொல்லைப்படும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே மேலோங்கும் என்று பின்னர் தெளிந்தது. மார்புப் புற்றுநோய் கண்டவர்களுக்கும் இரத்தக்கட்டிக்கு ஆளானவர்களுக்கும் அது பொதுவாக ஆகாது. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று அறிய அவளை முழுமையாகப் பார்க்கவேண்டும் அன்றோ? தனியார் மருத்துவமனைகள் ‘முழு உடற் பரிசோதனை’ என்று பொதி கட்டி விற்பதை நாம் கேட்கவில்லை. அது காசுள்ளவளின் முழுமை.

நாம் கேட்பதற்கு அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 1996 முதல் இயங்கும் சுகவனிதையர் கிளினிக்கில் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். 35 வயதினரையும் 45 வயதினரையும் முக்கியமாக அழைக்கிறார்கள். 52 வயதினளை ஏன் அழைக்கலாகாது? அதே நாளில், அதே அறையில், ஒரு பெண் வைத்தியர் அவளுடைய உறக்கத்தையும் எலும்பையும் சிறுநீரையும் மனத்தையும் சேர்த்து விசாரிக்கட்டும். தேவைப்பட்டால் ஒரே கடிதத்துடன் நிபுணரிடம் அனுப்பட்டும். செலவைக் காட்டி மறுப்பவர்கள், இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் விழுந்த மூதாட்டியொருத்தியைப் பராமரிக்கும் செலவையும் கணக்கிடட்டும்.

கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனையிடம் இதனை எழுத்திற் கேட்கவேண்டியவர்கள் நம் ஊர்களின் மாதர் சங்கத்தார். பள்ளிவாசல் நிருவாகமும் அக்கடிதத்திற் கையொப்பமிடட்டும். கிளினிக் நாளை ஜும்ஆவின் பின் ஒலிபெருக்கியில் அறிவிக்கட்டும். அதைக் கேட்கவேண்டியவர்கள் ஆண்களுந்தான்.