“உழைப்பே போதும்” – யாருக்கு லாபம்?

“மூட்டை சுமப்பவனுக்கும் நாற்று நடுபவளுக்கும் தேகப்பயிற்சி எதற்கு? உழைப்பே பயிற்சிதானே!” அஸ்தினாபுரம் டீக்கடைகளிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. முதலாளிகளும் இதையே சொல்கிறார்கள். முதலாளியும் தொழிலாளியும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்போது, அதில் யாருக்கு லாபம் என்று நாம் கேட்டாக வேண்டும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சுமார் 10 ஆண்டுகள் கவனித்து, 2021ல் விஞ்ஞானிகள் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் நன்றாக நடந்து, ஓடி, விளையாடியவர்களிடம் இருதய நோயும் மரணமும் குறைந்திருந்தன. வேலைத்தலத்தில் உடலைக் கடுமையாக வருத்தியவர்களிடமோ அவை கூடியிருந்தன!

காரணம் விளங்காததல்ல. பயிற்சி செய்பவன் அரைமணி நேரம் இருதயத்தை வேகமாக ஓட வைக்கிறான். பிறகு ஓய்வு கொடுக்கிறான். அந்த ஓய்வில்தான் தசை தேறுகிறது, இருதயம் பலப்படுகிறது. மில் தொழிலாளியோ மெஷினின் வேகத்துக்கு எட்டு மணி, பத்து மணி என்று நிற்கிறான். களை எடுக்கும் பெண் பொழுதெல்லாம் குனிந்தே இருக்கிறாள். இரத்த அழுத்தம் நாள் முழுவதும் ஏறியே நிற்கிறது. ஒரே மூட்டு, ஒரே இடுப்பு தேய்கிறது. வேகத்தையும் ஓய்வையும் தீர்மானிக்கும் உரிமை உழைப்பவனிடம் இல்லை.

“உழைப்பு அல்ல, வறுமைதான் காரணம்” என்று வாதிடும் விஞ்ஞானிகளும் உண்டு. அப்படியே இருக்கட்டும்! அந்த வறுமையைப் படைத்தது யார்?

உடனே, உட்கார்ந்திருப்பதே மேல் என்று யாரும் கருத வேண்டாம். 1953ல் ஜெர்ரி மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் லண்டன் மாடி பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்தார். நாள் முழுவதும் உட்கார்ந்த டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களிடம் இருதய நோய் குறைவு என்று கண்டார். உடம்பு அசையவும் வேண்டும். அசைந்த உடம்பு தேறவும் வேண்டும்.

இந்த உண்மையையும் சரக்காக்கி விற்கிறார்கள் வியாபாரிகள். வியர்வை கொட்டினால் கொழுப்பு கரையுமாம். கொட்டுவது தண்ணீரும் உப்பும்தான். தண்ணீர் குடித்தால் எடை திரும்பிவிடும். வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையுமாம். உடம்பு அப்படி ஓரிடத்திலிருந்து மட்டும் கொழுப்பை எடுப்பதில்லை. தினம் 10,000 அடி நடந்தே தீர வேண்டுமாம். அது 1965ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரில் வந்த கணக்கு! உலக சுகாதார ஸ்தாபனம் 2020ல் சொன்னது இதுதான்: வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, அதற்குக் குறைந்தாலும், ஒன்றும் செய்யாததைவிட நன்மையே. இதற்குச் சந்தாவும் வேண்டாம், பவுடர் டப்பாவும் வேண்டாம்.

ஆனால் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் பறிக்கப் பார்க்கிறார்கள். 2023 ஏப்ரல் 21ல், வேலைநாளை 12 மணி வரை நீட்ட வழிசெய்யும் திருத்தம் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் கொதித்தெழுந்த பிறகு, மே 1ல் வாபஸ் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி வாரம் 70 மணி உழைக்கச் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் 90 மணி கேட்டார்! வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைத்ததால் பக்கவாதத்துக்கும் இருதய நோய்க்கும் 2016ல் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் பலியானார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021ல் கணக்குக் காட்டின. கனவான்கள் இதைப் படிக்கவில்லையா?

1923 மே 1ல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நமக்கு என்பதே மே தினத்தின் கோரிக்கை. அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் நம் உடம்பின் ஆரோக்கியமும் இருக்கிறது.

ஆகவே தோழர்களே, கிடைக்கும் நேரத்தில் நடப்போம், கை கால் நீட்டுவோம், பிள்ளைகளோடு பந்தாடுவோம். அதோடு நிறுத்த வேண்டாம். மில்லில் இடைவேளையும் உட்கார இருக்கையும் கேட்போம். வயலில் உச்சி வெயிலுக்கு ஓய்வும் நிழலும் குடிநீரும் கேட்போம். பெண்கள் பயமின்றி நடக்கத் தெருவிளக்கும், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலும் தாம்பரம் மாநகராட்சியிடம் கேட்போம். தனித்தனியாக அல்ல, சங்கமாகக் கேட்போம்!