கிண்ணம் வாங்கும் காசில் ஒரு பயிற்றுநர்

மீள்குடியேறிய கிராமங்களில் கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் முன்பே கரப்பந்தாட்ட வலை கட்டப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் வேறு ஊர்களில் இருப்போரும் தமது பழைய ஊரின் பெயரிலேயே கழகம் நடத்துகின்றனர். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. சிதறிப்போன சனம் மீண்டும் கூடும் இடம் கோயிலுக்கு அடுத்தபடியாக மைதானந்தான். ஆனால் வெளிநாட்டு உறவுகள் கழகங்களுக்கு அனுப்பும் பணம் போகும் வழியைப் பார்த்தால் கவலை உண்டாகிறது. சீருடை, வெற்றிக் கிண்ணம், ஒலிபெருக்கி, மின்னொளி என்று செலவு நீளுகிறது. பிள்ளைகளைப் பயிற்றுவிப்பதற்கென்று ஓர் இளைஞனையோ யுவதியையோ படிக்க அனுப்பிய கழகம் எத்தனை?

பயிற்றுவிப்பது என்றால் பிள்ளைகளை ஓடவிட்டு விசில் ஊதுவது என்ற எண்ணமே எம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி பெரும்பாலும் முதலாம் தவணையில் வருகிறது. காலபோக அறுவடையும் அதே நாட்களில்தான். விடிய எழும்பி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிவிட்டு, வெறுந்தேத்தண்ணியோடு பள்ளிக்கு வந்த பிள்ளை, பிற்பகல் இரண்டு மணி வெயிலில் 1500 மீற்றர் ஓடுகிறது. மூன்று கிழமைக்கு முன்னர் அது ஓடியதே இல்லை. மயங்கி விழுந்தால் சோடா பருக்குகிறோம். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். வெயிலால் விழுந்த பிள்ளையை நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைத்தியசாலைக்கு வாகனம் தேட வேண்டும். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட ஒரு மாணவன் உயிரிழந்தான். அச்செய்தியைப் படித்த பின்னும் எங்கள் மைதானங்களில் முதலுதவி தெரிந்த ஒருவர் நிற்கிறாரா என்று கேட்காமல் இருக்கலாமா?

உடலைப் பயிற்றுவது ஒரு கல்வி. அதன் முதற் பாடத்தைப் பழைய கிரேக்கக் கதை ஒன்று சொல்லும். குரோட்டன் நகரத்து மைலோ என்ற மல்லன் ஒரு கன்றைத் தினமும் தூக்கி நடந்தானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, ஈற்றில் முழு எருதையே தூக்கினானாம். (எமது விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மைலோ பானத்துக்கு அவன் பெயரையே வைத்தார்கள்.) கன்று வளரும் வேகத்துக்கு மனித உடல் ஈடுகொடுக்காது என்பது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஆயினும் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்ற அடிப்படை உண்மையானது. வெயிலுக்கு உடல் பழகவே பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும்.

கதை சொல்லாத மறுபாதி ஓய்வு. பயிற்சி நேரத்தில் தசை பலப்படுவதில்லை, களைக்கிறது. பலப்படுவது பின்னர், உண்டு உறங்கும்போதுதான். முப்பது மீற்றரை முழு வேகத்தில் ஓடிய பிள்ளைக்கு அடுத்த ஓட்டத்துக்கு முன் இரண்டு மூன்று நிமிடமாவது கொடுக்க வேண்டும். கொடுக்காமல் பத்துத் தடவை துரத்தினால் வேகம் வளராது. வளரும் வயதில் முழங்காற் சிரட்டைக்குக் கீழே நோகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், "தாங்கிக்கொள்" என்பது பதிலாகாது. எலும்பு வளரும் இடத்தில் தசைநார் இழுப்பதால் அந்நோவு வருகிறது. ஓட்டத்தையும் பாய்ச்சலையும் குறைக்க வேண்டும்.

இங்கேதான் வெளியிலிருந்து வரும் பயிற்றுநரைவிட எமது ஊர்ப் பிள்ளை மேலானவர் என்கிறோம். காலையில் ஒரு மணித்தியாலம் மண்வெட்டி பிடித்ததும், தூரக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்ததும் பயிற்சிக் கணக்கிலேயே சேர வேண்டியவை. நகரத்து அட்டவணையில் அவற்றுக்கு இடமில்லை. தோட்ட வேலை செய்து வளர்ந்த ஒருவர்தான் "இன்று காலை என்ன வேலை செய்தாய்?" என்று முதலிற் கேட்பார்.

பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வயதுக்கு வந்தபின் பலர் மைதானத்தை விட்டு நிற்பதற்கு வீட்டார் பயம் ஒரு காரணம். தம் களைப்பைச் சொல்ல ஆள் இல்லாதது இன்னொன்று. அந்தக் களைப்புக்குப் பின்னால் இரத்தச்சோகை இருக்கலாம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் கூடும். இதையெல்லாம் ஒரு பெண் கூச்சமின்றி எடுத்துச் சொல்லலாம்.

திறமை எம்மிடம் இல்லை என்பாருக்கு ஒரு சொல். 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் வென்று, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதற் தங்கத்தைத் தேடித் தந்தவர் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம். ஆனால் திறமை தானாக விளையாது. கோலூன்றிப் பாய்தலை யாரும் பார்த்துப் பழக முடியாது. கற்பிக்க ஆள் வேண்டும். போரில் இடம்பெயர்ந்து இயங்கிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் அந்நிகழ்ச்சியில் தேசிய சாதனையைப் பல தடவை புதுப்பித்தார். அவருக்குப் பின்னும் வடக்கிலிருந்து பலர் அதில் வென்று வருகின்றனர். அந்த நிகழ்ச்சியைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த பயிற்றுநர்கள் இங்கே இருப்பதே அதற்குக் காரணம் என்பது எமது கருத்து.

கொழும்பிலுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனம் பயிற்றுநர்களுக்கான பாடநெறிகளை நடத்துகிறது. பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கின்றனர். விண்ணப்பம், தகைமை, பயிலும் மொழி பற்றி அவர்களிடமே விசாரிக்கலாம். போக்குவரத்தும் தங்குமிடமுமே எமது குடும்பங்களுக்குப் பெரிய தடை. ஆகவே பங்குச் சபைகளும் கழகங்களும் வரும் ஆண்டுச் செலவுத் திட்டத்தை எழுதும்போது, கிண்ணங்களுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஓர் இளைஞனும் ஒரு யுவதியும் படித்து வருவதற்கு ஒதுக்குமாறு கேட்கிறோம். படித்து வந்தபின் இரண்டு வருடமாவது ஊர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பதாக அவர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது.