சிறு பியூஸும் பெரும் புயலும்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். வேண்டிய வேளையில் அத்துரும்பு கையில் இல்லாவிட்டால்?

2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, தொலைபேசிகள் பல இடங்களில் ஊமையாயின. இத்தகைய வேளைகளில் நமக்குத் துணை வயர்லெஸ். கையடக்கக் கருவியின் மெலிந்த அலையை ஓர் அலைவரிசையில் வாங்கி, வேறோர் அலைவரிசையில் வலுவாக அனுப்புவது 'ரிப்பீட்டர்'. அதற்குக் காவல், கண்ணாடிக் குழலுக்குள் உள்ள மெல்லிய கம்பியாகிய பியூஸ்!

அது உருகிப் போனால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பார் உளர். வெள்ளாறும் கொள்ளிடமும் பெருகும் நாளில் சிதம்பரத்தில் எந்தக் கடையைத் தேடுவது? கடை திறந்திருந்தாலும் மூன்று பொருத்தங்கள் வேண்டும். ஆம்பியர் அளவு ஒன்று. குழலின் நீளம் 20 மில்லிமீட்டரா, 32 மில்லிமீட்டரா என்பது மற்றொன்று. விரைந்து உருகும் 'எஃப்' வகையா, தாமதித்து உருகும் 'டி' வகையா என்பது மூன்றாவது.

செப்புக் கம்பியைச் சுற்றிச் சமாளிப்பதோ பேதைமை. அளவு மீறிய மின்னோட்டம் வந்தால் கம்பி தப்பும், கருவி கருகும். கடலில் சென்றவர் செய்திக்காகக் கரையில் காத்திருப்போர் கதி என்ன?

ஆகவே என் கருத்து இதுதான்: பொருத்தமான பியூஸ்கள் பத்தேனும் ரிப்பீட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஐப்பசி பிறக்குமுன் அவற்றை எண்ணிச் சரிபார்க்கட்டும். மாற்றிய பியூஸும் உடனே உருகினால், பழுதைக் கண்டறிந்த பின்னரே அடுத்ததைப் பொருத்தட்டும். சோதனைச்சாலையில் ஆம்பியரை அளக்கக் கற்ற நாமும் இப்பணிக்குக் கை கொடுக்கலாமே, நண்பர்களே!