வில்லா, விறைப்பா?

வேண்டியது வேறு; விரும்புவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தவர்களுக்காகவே கடைத்தெருக்கள் காத்திருக்கின்றன. நம் விடுதி நண்பர்கள் சிலர், "என் மலைச் சைக்கிளுக்குப் பெரிய சஸ்பென்ஷன் ஃபோர்க் மாட்டலாமா?" என்று கேட்கின்றனர். என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தில்லியில் படிக்கும் நம்மில் பெரும்பாலோர்க்கு வில் இல்லாத ரிஜிட் ஃபோர்க்கே போதும். அகலமான டயர் அதற்குத் துணை.

சஸ்பென்ஷனின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1989-இல் அமெரிக்காவில் ராக்சாக்ஸ் ஆர்எஸ்-1 என்னும் ஃபோர்க் வெளிவந்தது. மறு ஆண்டே கொலராடோவின் துராங்கோ நகரில் நடந்த மலைச் சைக்கிள் உலகப் போட்டியில், ராக்சாக்ஸ் பூட்டிய சைக்கிளில் இறங்கி வென்றார் கிரெக் ஹெர்போல்டு. பாறையில் சக்கரம் துள்ளாமல் தரையைப் பற்றி நின்றால்தான் பிரேக் பிடிக்கும். திருப்பிய பக்கம் வண்டி திரும்பும். நல்ல ஃபோர்க் அதைச் செய்கிறது.

ஆனால் நல்ல ஃபோர்க்குக்குச் சுருள்வில் மட்டும் போதுமா? போதாது. அமுங்கிய வில், வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தந்தே தீரும். எண்ணெயைச் சிறு துளை வழியே தள்ளி, அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுவது டாம்பர். மலிவான ஃபோர்க்குகளில் வில் உண்டு. சொல்லத்தக்க டாம்பர் இல்லை. பள்ளத்தில் அமுங்கும், உடனே முரட்டுக் குதிரைபோல் எகிறும். எழுந்து நின்று மிதித்தால் கால் உழைப்பில் ஒரு பங்கை வில் விழுங்கிவிடும். எடையோ இரண்டரைக் கிலோ வரை! எஃகு ரிஜிட் ஃபோர்க் அதில் ஏறக்குறையப் பாதிதான்.

விலை கொடுத்து நல்லதையே வாங்கினாலும் வேலை தீராது. 50 மணி நேரம் ஓட்டியதும் கீழ்ப்பகுதியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது ராக்சாக்ஸ் நிறுவனம். ரிஜிட் ஃபோர்க்கில் மாற்றுவதற்கு எண்ணெயே இல்லை.

நம் வழிதான் என்ன? விடுதியிலிருந்து வகுப்பு, இடையே வேகத்தடைகள், ஞாயிறன்று ரிட்ஜ் ஓரச் சாலை. இந்த அதிர்ச்சிகளில் பெரும்பங்கை, காற்றைச் சற்றே குறைத்த அகல டயர் தாங்கிக்கொள்ளும்.

மாற்றுவோர் ஒன்றை மறக்கலாகாது. பழைய ஃபோர்க்கின் உயரத்தைச் சக்கர அச்சிலிருந்து கிரவுன் வரை அளந்துகொள்ளுங்கள். 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்காயின், ஆள் ஏறினால் இறங்கும் அளவாக 20 முதல் 25 மில்லிமீட்டர் கழியுங்கள். அந்த உயரத்திலேயே ரிஜிட் ஃபோர்க் வாங்குங்கள். மிகக் குட்டையானதை மாட்டினால் முன்பக்கம் தாழும். ஹேண்டில்பார் தொட்டதற்கெல்லாம் துடிக்கும். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள், அதைப் பூட்ட இடம் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

இமாசலத்தின் பாறைப் பாதைகளில் ஆண்டுதோறும் ஓட்டும் நண்பர்களும் நம்மிடையே இருக்கலாம். அவர்கள் பொறுத்திருந்து, பணம் சேர்த்து, டாம்பர் உள்ள ஏர் ஃபோர்க்கையே வாங்கட்டும். இடைப்பட்ட மலிவுச் சரக்கு அவர்களுக்கும் உதவாது, நமக்கும் உதவாது.

ஊரிலிருந்து வரும் பணத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாம். பார்க்கிறவர் கண்ணுக்காக அன்று, போகிற வழிக்காகச் செலவிடுவோம். மிச்சப் பணத்தில் முதலில் நல்ல பிரேக் கட்டைகள் வாங்குங்கள்!