சனிக்கிழமைகளின் கணக்கு

ஓர் ஆண்டு முடியும்போது, சுயாதீன சினிமா எடுக்க முனைந்திருக்கும் இளைஞரிடம் நாம் இரண்டே கேள்விகள் கேட்கிறோம்: படம் முடிந்ததா? எந்த விழாவில் தேர்வானது? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் ஆண்டு வீணாயிற்று என்று முடிவுகட்டிவிடுகிறோம். நாளடைவில் அவரும் அப்படியே நம்பத் தொடங்குகிறார். இந்த அளவுகோலை மாற்ற வேண்டும் என்பது இவ்விதழின் கருத்து. முடிந்த படம் உழைப்பின் விளைவு; விழாத் தேர்வு பிறர் எடுக்கும் முடிவு. வளர்ச்சி இவற்றுக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. எடுத்த காட்சியைத் திரும்பப் பார்க்கிறோம். எங்கே தவறினோம் என்று காண்கிறோம். அடுத்த படப்பிடிப்பில் அதைத் திருத்துகிறோம். ஓராண்டில் இப்படி எத்தனை முறை நடந்தது என்பதே கணக்கு.

கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்' 1998இல் வெளிவந்தது. 16 எம்.எம். கறுப்பு வெள்ளைப் படம். செலவு ஏறத்தாழ 6,000 டாலர். அதில் பங்குகொண்டவர்கள் வாரநாட்களில் வேறு வேலைக்குப் போனவர்கள். எனவே சனிக்கிழமைகளில் மட்டும் நடந்த படப்பிடிப்பு ஓராண்டளவுக்கு நீண்டது. ஒரு நாளில் எடுக்க முடிந்தது 15 நிமிட அளவு பிலிம்தான். அதை வீணாக்க முடியாததால் நாடகம்போல ஒத்திகை பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். கேமரா ஓடுவதற்கு முன்பே ஷாட் மனத்தில் முடிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தட்டுப்பாடுதான் கற்றுக்கொடுத்தது. ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஆறு நாட்களும் அந்தப் படத்தின் வேலைநாட்களே.

சத்யஜித் ராய் 1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கியபோது விளம்பர நிறுவன ஊழியர். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதுவரை சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. நாணல் பூத்த வெளியில் அப்பு என்ற சிறுவன் தன் அக்காவைத் தேடி நடக்கும் காட்சியை முதலில் எடுத்தார்கள். சிறுவனின் நடை விறைப்பாக இருந்தது. வழியில் சிறு தடைகளைப் போட்டுத் தாண்டவைத்து, நாணலுக்குள் ஆட்களை ஒளித்துவைத்து வெவ்வேறு பக்கமிருந்து கூப்பிட்ட பிறகுதான் அந்த நடையில் தயக்கமும் தேடலும் வந்தன. தாளில் ஒரே வரியாக இருந்த ஒன்று களத்தில் எவ்வளவு பெரிய வேலை என்பதை ராய் அங்கேதான் கற்றார். மறுவாரம் போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன. மீதிக் காட்சி அடுத்த பருவம்வரை காத்திருந்தது. பிறகு பணமும் தீர்ந்தது. மேற்கு வங்க அரசின் உதவியோடு 1955இல்தான் படம் முடிந்தது. நம்முடைய இரண்டு கேள்விகளை 1953 இறுதியில் ராயிடம் கேட்டிருந்தால் அந்த ஆண்டும் வீண் என்றே எழுதியிருப்போம்.

சோம்பலுக்கு இது வசதியான ஆறுதல் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது; இந்த அளவுகோல் பழையதைவிடக் கடுமையானது. எத்தனை நூல்கள் படித்திருந்தாலும், எத்தனை உலகப் படங்கள் பார்த்திருந்தாலும், ஒரு காட்சிகூட எடுக்காத ஆண்டில் திருத்துவதற்கு எதுவுமே இல்லை. போனிலேயே படமெடுக்கும் வசதி வந்த பிறகு இதற்குச் சாக்குச் சொல்ல இடமும் குறைந்துவிட்டது. வென்றவர்களை மட்டும் காட்டி வாதாடுகிறீர்கள் என்பது இன்னும் வலுவான மறுப்பு. சனிக்கிழமைதோறும் உழைத்தவர் எல்லாரும் நோலன் ஆவதில்லை என்பது உண்மைதான். ஆவார்கள் என்று நாம் சொல்லவுமில்லை. சார்லஸ் பர்னெட் வார இறுதிகளில் எடுத்து, 1977இல் தன் பல்கலைக்கழகப் படிப்புக்கான ஆய்வுப் படமாகச் சமர்ப்பித்த 'கில்லர் ஆஃப் ஷீப்', பாடல் உரிமைச் சிக்கலால் 2007இல்தான் முறையாகத் திரையரங்குக்கு வந்தது. வெளியீடே அளவென்றால் அந்த வார இறுதிகளுக்கு முப்பது ஆண்டுகள் மதிப்பே இல்லை. பிறர் எப்போது தருவார்கள் என்று தெரியாத ஒன்றை வைத்து ஒருவர் தன் ஆண்டை அளக்கக் கூடாது.

வார ஓய்வே இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. நிலையான சம்பளம் இல்லாத உதவி இயக்குநருக்கு நோலனின் சனிக்கிழமை வாய்ப்பதில்லை. 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்ற 'கூழாங்கல்' படத்தை இயக்குவதற்கு முன்பு, பி.எஸ். வினோத்ராஜ் டிவிடி கடையில் வேலை பார்த்தார். 'மணல் மகுடி' நாடகக் குழுவில் இயங்கினார். தனியாளின் உறுதியை மட்டும் இதில் பார்ப்பது போதாது. படங்கள் நிறைந்த ஒரு கடையும் சேர்ந்து உழைக்கும் ஒரு குழுவும் அவருக்குக் கிடைத்திருந்தன. அத்தகைய இடங்களை உண்டாக்குவது திரைப்படச் சங்கங்கள், நூலகங்கள், சிற்றிதழ்கள் எல்லாவற்றின் பொறுப்பு. முடிந்த படங்களுக்கு விழா நடத்துவதோடு, முடியாத படங்களின் காட்சிகளைத் திரையிட்டு ஒளிவுமறைவில்லாமல் பேசவும் மாதத்தில் ஒரு மாலையை ஒதுக்குவோம். அங்கே படமெடுக்கும் இளைஞர் தாம் ஜனவரியில் எடுத்த காட்சியையும் டிசம்பரில் எடுத்த காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டட்டும். இரண்டுக்கும் நடுவே தெரியும் வித்தியாசம்தான் அவருடைய ஆண்டு.